காக்காக்கடி மாத்திரை

சைதூன் எதையும் தனியாகத் தின்று பழகாதவள். மாமல்லபுரத்துக் கால்வாய்க் கரையில் ஒரே ஒரு முறுக்கு கிடைத்தாலும், துப்பட்டி முனையில் சுற்றிக் காக்காக்கடி கடித்து, பக்கத்தில் இருப்பவளுக்குப் பாதியை நீட்டிவிடுவாள். நல்ல குணம்தான், யார் இல்லை என்றார்கள்? அதை மருந்திலுமா காட்டுவது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அவளுக்கு அபூர்வமான ரத்தப் புற்று வந்தது. மண்ணீரல் வீங்கி, இடப்பக்க வயிறு கல்லாகக் கிடந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவசகாயம், சீமையிலிருந்து வந்த புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். மிளகைவிடச் சற்றுப் பெரியது. தினம் ஒன்று, முழுசாக விழுங்க வேண்டும். கடைசி டப்பா சைதூனுக்குக் கிடைத்தது. அதே நோயோடு அவளுக்குப் பின்னால் நின்ற திருக்கழுக்குன்றத்துச் சாராளுக்கு இல்லை.

ஊர் திரும்ப, சைதூனின் புருஷன் அமானுல்லா இருவரையும் தன் விறகுத் தோணியில் ஏற்றிக்கொண்டான். காய்ச்சலில் இரண்டு பேருக்கும் கண் செருகியது. தோணி போகிறதா, கரைதான் நகர்கிறதா என்று தெரியவில்லை. சவுக்குத் தோப்புகள் தலைகீழாக நீரில் மிதந்து வந்தன. அந்த மயக்கத்திலேயே சைதூன் முதல் மாத்திரையைக் கடித்து, பாதியைச் சாராளின் வாயில் போட்டாள். ஊருக்குப் போகவேண்டாம் என்று அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். அப்புறம் தினமும் காக்காக்கடிதான்.

மழைக்காலம் வந்தும் சைதூனின் வீக்கம் இம்மியும் குறையவில்லை. மூவரும் மறுபடி பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"மருந்து உனக்குக் கேக்கலைம்மா. இனிமே இதை சாராளுக்குக் குடுத்துப் பாக்கறேன்," என்றார் டாக்டர்.

உண்மையைச் சொல்ல அமானுல்லா வாயெடுத்தான். சைதூன் அவன் காலை மிதித்தாள். சொன்னால் மாத்திரை தன்னிடமே திரும்பிவிடும், சாராளுக்கு ஒன்றும் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வருகிறது. கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

திரும்பும்போது தோணி மறுபடியும் கனவில் போவது போலப் போனது.

"நீ செத்துப்பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கோலை ஊன்றியபடியே கத்தினான் அமானுல்லா.

"அவளாவது முழுசா துன்னட்டும். அப்பத்தான் மருந்து கேக்குதா இல்லியான்னு அந்த டாக்டருக்குத் தெரியும்," என்றாள் சைதூன்.

சாராள் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். முந்தானையில் சுற்றி நறுக்கென்று கடித்தாள்.

"வாயத் தொற, அக்கா."

சைதூன் அவளைக் கண்டபடி ஏசினாள். பிறகு அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.