ரெட் ஹில்லில் அண்ணாந்து குடித்த வைன்

மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னுக்குக் குடிவந்து ஏழு வருடமாகிறது. மார்னிங்டன் தீபகற்பத்தின் திராட்சைத் தோட்டங்களைக் காரில் கடந்து கடற்கரைக்குப் போனதோடு சரி. அங்கே உள்ளே என்னதான் நடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பேன், இறங்கியதில்லை. ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில் இறங்கியதற்குக் காரணம் குகன்.

குகன் யாழ்ப்பாணத்துக்காரர். கேரம் டவுன்ஸ் கோவில் அன்னதானத்தில் நான் சாம்பார் வாளி, அவர் சோற்று வாளி, அப்படித்தான் பழக்கம். படகில் வந்தவர், இன்னும் தற்காலிக விசா. ஆறு வருடமாக அந்தத் தீபகற்பத்து ரெட் ஹில்லில் ஒரு சிறிய வைன் தோட்டத்தில் கொடி வெட்டி வெட்டி இடுப்பு கெட்டுவிட்டது. முதலாளி ஹெலன் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அந்த ஞாயிறு குகன் தனியாக நின்று விருந்தினருக்கு வைன் ருசி காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் வார இறுதிகளில் உள்ளே கவுண்டர் வேலை. சொதப்பினால் மறுபடி கத்திரியும் குளிரும்தான்.

"அக்கா, தெரிஞ்ச முகம் முன்னால நிண்டா எனக்குப் பயம் குறையும். அண்ணையையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்று போனில் கேட்டார். மறுக்க முடியுமா?

நானும் வீட்டுக்காரரும் காலை 10.10க்குக் கிளம்பினோம். சுமார் 45 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் சாலை, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க வேண்டும். ஆகஸ்ட் இங்கே குளிர்காலம் என்பதால் கொடிகளில் ஓர் இலை கூட இல்லை. பச்சைப் பசேல் தோட்டத்தில் படம் எடுக்கும் ஆசையோடு போகிறவர்கள் ஜனவரிக்கு மேல் போங்கள்.

சுவைக்கூடம் என்றதும் மாளிகை போல ஏதோ எதிர்பார்த்தேன். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, நீண்ட மரக் கவுண்டர், ஓரத்தில் விறகடுப்பு, அவ்வளவுதான். கவுண்டரில் துப்புவதற்கென்று ஒரு வாளி வேறு! விலை உயர்ந்த பானத்தை வாயில் வைத்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருக்கும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஐந்து வகை வைன், ஆளுக்கு இருபது டாலர். என் வீட்டுக்காரர் காரோட்ட வேண்டும், அவருக்கு ஒரு வாய் போதும். ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒன்றே வாங்கினோம், ஒரே கிளாஸ். எங்கள் பக்கத்தில் நரைத்த தலையோடு ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி. ஹெலன் பின்னால் நின்று கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார், காது மட்டும் இங்கே.

குகன் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக நின்றார். முதலில் பினோ நுவார், அந்த வட்டாரத்தின் பேர்போன சிவப்பு வைன். ஊற்றி, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தைத் தாளைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தார். செர்ரி, காட்டுக் காளான், ஈர மண் என்று ஒரு பட்டியல். பிறகு என்னைப் பார்த்து, என்ன ருசி தெரிகிறது என்று கேட்டார்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆனாலும் எச்சில் கிளாஸ் எனக்கு ஆகாது. அடுத்து வீட்டுக்காரர் குடிக்க வேண்டுமே! மதுரையில் வளர்ந்த பழக்கத்தில் கிளாஸைத் தூக்கி, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. நேராகத் தொண்டைக்குள் போய்விட்டது.

"ஒண்ணுமே தெரியலையே குகன், தண்ணி மாதிரி போயிருச்சு" என்றேன். அதையே தம்பதிக்காக ஆங்கிலத்திலும் சொல்லித் தொலைத்தேன்.

தம்பதி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார்கள். ஹெலன் துணியை வைத்துவிட்டுக் கவுண்டரை நோக்கி வந்தார். துணைக்கு வந்த நானே குகன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனே!

குகன் தாளை மடித்துப் பையில் வைத்தார். ஆங்கிலத்தில் நிதானமாக, எங்கள் வீடுகளில் பலர் குடிக்கும் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டோம், அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை அது என்றார். தாய்க்கும் மகளுக்கும்கூட அப்படித்தான் என்றார். பிறகு இரண்டாவது கிளாஸ் ஒன்றில் அதே வைனை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"அக்கா, இது உங்களுக்கு மட்டும். வடிவா வாய் வச்சுக் குடியுங்கோ. உடன விழுங்காம பத்து எண்ணுங்கோ."

எண்ணினேன். ஆறாவதில் நாக்கின் ஓரங்களை ஒரு துவர்ப்பு பிடித்தது. எனக்குத் தெரிந்த துவர்ப்பு!

"நாவல்பழம்!"

"ஓம் அக்கா! நானும் முதல் நாள் அதைத்தான் நினைச்சனான். தாளில இல்லையெண்டு சொல்லேல்லை."

அது என்ன பழம் என்று அந்த நரைத்த அம்மா கேட்டார். சாப்பிட்டால் நாக்கே ஊதாவாகும் என்று குகன் தன் நாக்கை நீட்டிக் காட்டினார். அதன்பின் தாளே தேவைப்படவில்லை. எந்த வரிசையில் கடல்காற்று அதிகம், எதில் பழம் பிந்திப் பழுக்கும், எந்தக் கொடியை எவ்வளவு விட்டு வெட்டினார் என்று ஜன்னல் வழியே கைகாட்டிச் சொன்னார். இந்த வைனின் கொடி எது என்று நான் கேட்டேன். வேலியிலிருந்து நான்காம் வரிசை என்று பதில் தயாராக இருந்தது. பாதியில் திரும்பிப் பார்த்தேன். ஹெலன் மறுபடி கிளாஸ் துடைக்கப் போயிருந்தார்.

அன்று ஹெலன் முடிவு ஒன்றும் சொல்லவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: 11 மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள், கூட்டம் இருக்காது. ஒரு பாட்டில் வாங்கினால் அந்த இருபது டாலரைக் கழித்துக்கொள்கிறார்கள். பஸ்ஸை நம்ப வேண்டாம். காரோட்டுபவர் தயங்காமல் அந்த வாளியில் துப்பலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. குகனின் விசா விஷயம் முடியாததால் பெயர்களை மாற்றியிருக்கிறேன், தோட்டத்தின் பெயரையும் போடவில்லை.

ஆனால் நேரில் போனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. புதன்கிழமை குகன் அழைத்தார். இனிச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கவுண்டரில் அவர்தானாம். போனைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். நம் ஆட்கள் இருவராக வந்து ஒரு டேஸ்டிங் கேட்டால், இப்போது ஒன்றுமே கேட்காமல் இரண்டு கிளாஸ் எடுத்து வைக்கிறாராம்.