கிருபனுக்கு வைத்த கிண்ணம்

புருசெத் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லியு என்ற சீனப் பெண் நடத்திய சாப்பாட்டுக் கடையில், மாவிழுத்து நூடுல்ஸ் செய்தவர் நம்முடைய குலேந்திரன். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் எட்டு வருடம் மீன் வெட்டிவிட்டு ஒஸ்லோவுக்கு வந்து, லியுவிடம் தொழில் பழகியவர். மாவு அவர் சொன்னபடி கேட்கும். அவர்தான் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

லியுவின் ஊர் சீனாவின் வடகோடி. புறப்படுகிறவருக்கு டம்ப்ளிங், வந்து சேருகிறவருக்கு நூடுல்ஸ் என்பது அவர்கள் வழக்கம். டம்ப்ளிங்கை நாங்கள் கொழுக்கட்டை என்போம். குலேந்திரன் அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

காரணம் அவருடைய தம்பி கிருபன். வன்னியில் இருந்தவனிடமிருந்து 2009 மே மாதத்தோடு தொலைபேசி நின்றுபோனது.

"செத்தவருக்குச் செய்யிற அந்தியேட்டியாவது செய்வம், பாவம் அவன்" என்று மனைவி தங்கேஸ்வரி கெஞ்சினாள்.

"செத்ததை நீ கண்டனியோ? அவன் வருவான்" என்று சீறினார்.

அன்றிலிருந்து, கிருபன் வழக்கமாகக் கதைக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு, சன்னலோர மேசையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வைப்பார். நாற்காலியையும் இழுத்துவிடுவார். காற்றுக்குக் கதவு திறந்தால் அவர், லியு, நான் மூன்று பேரும் திரும்பிப் பார்ப்போம். அந்த மேசைக்குக் கிட்டப் போகவே எனக்குப் பயம்.

ஆனால் அங்கே மேசை துடைத்தவள் நான்தான். ஆறிய நூடுல்ஸைக் குப்பையில் கொட்ட மனம் வராமல், வீட்டில் மிச்சத்தை வெளியே வைக்கிற பழக்கத்தில் பின்கதவுப் படியில் வைத்துவிடுவேன். என் மூளையை எங்கே அடகு வைத்தேனோ தெரியாது.

நவம்பரில் ஒருநாள் குலேந்திரன் குப்பை போடப் பின்னால் போனார். படியில் ஒரு காகம். இந்த நாட்டுக் காகத்துக்குப் பாதி உடம்பு சாம்பல் நிறம். கிருபனின் நூடுல்ஸை அது அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.

படைத்ததைக் காகம் எடுத்தால் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது?

"சூ! அது உனக்கில்லை!" என்று கையோடு இருந்த அகப்பையை எறிந்தார். காகம் மதிலில் ஏறி அவரையே பார்த்தது.

"ஆர் இதை இஞ்சை வைச்சது?"

"நான்தான் அண்ணை. யோசிக்காமல்..."

அவர் ஏசாமல் அகப்பையைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வைப்பதை நிறுத்தினேன். காகம் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குச் சன்னலுக்கு வெளியே, அந்த வெறும் நாற்காலிக்கு நேரே, பனியில் நின்றது. அவரும் பார்த்துக்கொண்டே நூடுல்ஸ் வைத்தார். ஒன்பது நாள் அப்படியே போனது.

பத்தாம் நாள் அவர் மாவை இழுக்கவில்லை. சிறு வட்டங்களாகத் தட்டி, இறைச்சி சேர்க்காமல் முட்டைக்கோவா மட்டும் வைத்து டம்ப்ளிங் பொதிந்தார். லியு அதைக் கண்டாள். பக்கத்தில் வந்து நின்று தானும் பொதிந்தாள்.

ஆவி பறக்கும் கிண்ணத்தோடு அவர் பின்கதவைத் திறந்தார்.

"கா... கா..." என்று ஊரில் போலவே கூப்பிட்டார்.

"வாடா தம்பி. சாப்பிட்டிட்டுப் போ."