அல்வினா அக்காவின் சீஸ் உருண்டை

எங்கள் அல்வினா அக்காவுக்கு எதையும் மெதுவாகச் செய்யவே வராது. ஆமை மலைப் பள்ளிக்கூடச் சமையலறையில்தான் காலமெல்லாம் வேலை பார்த்தாள். அவள் உள்ளே சிரித்தால் வகுப்பில் கணக்குப் போடும் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிடும். இன்றைக்கும் யாராவது ‘கமாட்’ என்று வாயெடுத்தால் போதும், “சீஸ் இருக்கா?” என்று எழுந்து நின்றுவிடுவாள்.

கமாட் என்றால் சர்க்கார் கொடுக்கும் உபரிச் சாப்பாடு. நாட்டில் விற்காமல் தேங்கியதெல்லாம் எங்கள் ரிசர்வேஷனுக்கு, அதாவது அமெரிக்காவில் பழங்குடிகளான எங்களுக்கென்று ஒதுக்கிய நிலத்துக்கு, வந்து சேரும். மாவு, பால்பவுடர், முட்டைப்பவுடர், அப்புறம் டப்பா டப்பாவாக இறைச்சியும் பழமும் பீன்ஸும். லேபிளில் பசு படம் இருந்தால் மாட்டிறைச்சி, கோழி படம் இருந்தால் கோழி. பால்பவுடர் இருக்கிறதே, சனியன், எவ்வளவு கலக்கினாலும் கட்டி கட்டியாக நிற்கும். ஆனால் சீஸ்! நீளமான அட்டைப்பெட்டிக்குள் மஞ்சள் மஞ்சேளென்று ஒரே கட்டி! அப்பாவின் வண்டி மேட்டில் திரும்பும்போதே நாங்கள் பனியில் விழுந்து எழுந்து ஓடுவோம். அப்பா வேண்டுமென்றே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “இந்த மாசம் சீஸ் கிடையாதாம்டி” என்பார். நாங்கள் அழத் தொடங்கும்போது கோட்டுக்குள்ளிருந்து உருவுவார். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அக்காவின் காதலே அந்த சீஸில்தான் ஆரம்பித்தது. லியாண்டர் பெல்கார்ட் வீட்டில் சொந்தமாக மாடுகள் இருந்தன. அதனால் அவர்களுக்குக் கமாட் கிடையாது. பள்ளிக்கூடத்தில் அவன் தன் ரொட்டிக்குள் இருந்த மாட்டிறைச்சியை அப்படியே எடுத்து அக்காவிடம் நீட்டுவான். “உன் சீஸைக் குடு, இதை வெச்சுக்கோ.” அவனைப் போல ஒரு முட்டாள் உண்டா என்று நாங்கள் சிரிப்போம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது அவன் வந்து கல்யாணப் பேச்சை எடுத்தான்.

“அம்மா புத்தாண்டுக்கு உங்க வீட்டுக்கு வர்றாங்க. சாப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொல்வாங்களாம்.”

கேட்டதும் எங்கள் அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் புத்தாண்டு என்றால் விடியற்காலையில் பிள்ளைகள் பெற்றவர் முன்னால் முழங்காலிட்டு ஆசி வாங்க வேண்டும். அது சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். மத்தியானத்துக்கு மேல் ஊரே வீடு வீடாகக் கிளம்பும். போகிற வீட்டிலெல்லாம் புலெட், அதாவது இறைச்சி உருண்டை போட்ட சூப். வந்தவர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லக் கூடாது. லியாண்டரின் அம்மா ஆக்டவி ஒரு வீட்டில் பாதிக் கிண்ணத்தை மிச்சம் வைத்து எழுந்தாள் என்றால் அந்த வீட்டின் மானம் அத்தோடு போயிற்று.

அந்த வருஷம் அப்பாவுக்கு மான் எதுவும் மாட்டவில்லை. “லியாண்டர் கிட்டயே கொஞ்சம் கறி கேளேன்” என்றேன் நான்.

“ஏண்டி, அவங்க வீட்டு மாட்டை அவங்களுக்கே வேகவெச்சுப் போடவா?” என்று அக்கா என் தலையில் குட்டினாள். “கமாட் டப்பாவுல மாடு இருக்குல்ல, அது போதும்.”

போதும்தான். ஆனால் புத்தாண்டுக்கு முந்தின நாள் அப்பாவின் வண்டி பனியில் சிக்கி, டப்பாக்கள் எல்லாம் கல்லாக உறைந்து வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றாக இளக வைக்க அக்காவுக்குப் பொறுமை ஏது? குளிக்கிற தொட்டியில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, அத்தனையையும் மொத்தமாகப் போட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், பசு ஒரு பக்கம் மிதக்கிறது, கோழி ஒரு பக்கம் மிதக்கிறது. அடியில் டப்பாக்கள் எல்லாம் லேபிள் உரிந்து ஒரே மாதிரி மொட்டையாகக் கிடக்கின்றன.

“அட கடவுளே!” என்று அம்மா கத்தினாள். “எதுல எதுடி இருக்கு?”

ஆளுக்கொரு டப்பாவைக் காதில் வைத்துக் குலுக்கினோம். “இது மாடுதான், சத்தியமா மாடு!” என்றார் அப்பா. திறந்தால் பிளம் பழம். “இது திடுதிடுன்னு இடிக்குது, இதுதான்!” என்றேன் நான். பூசணிக்கூழ். அடுத்தது பீன்ஸ், அதற்கடுத்ததும் பீன்ஸ். “இனி எவளாவது ஒண்ணைத் திறந்தீங்க, கையை ஒடிச்சுடுவேன்! மாசம் பூரா எதைத் தின்றது?” என்று அம்மா டப்பா திறப்பானைப் பிடுங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

அக்கா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். பிறகு என்ன தோன்றியதோ, மூக்கைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று எழுந்தாள். லேபிள் தேவைப்படாத ஒரே சாமான் எங்கள் வீட்டில் இருந்தது. சீஸ் முழுவதையும் எடுத்து உதிர்த்தாள். வெங்காயம், மிளகு, முட்டைப்பவுடர், மாவு எல்லாம் போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து, மாவில் புரட்டி உருளைக்கிழங்குச் சூப்பில் போட்டாள். “ஊர் சிரிக்கப் போகுதுடி” என்றாள் அம்மா. “சிரிக்கட்டும், வாயில போட்டுட்டுச் சிரிக்கட்டும்” என்றாள் அக்கா.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் ஆக்டவி கறுப்புக் கோட்டும் இறுகிய வாயுமாக வந்தாள். பின்னால் லியாண்டர், வெளுத்துப்போய். ஏற்கெனவே பல வீட்டுப் புலெட்டுகளைத் தின்று களைத்த முகம் அவளுக்கு. உட்கார்ந்தாள். உருண்டையைக் கடித்தாள். கரண்டியைக் கீழே இறக்கினாள். வாய்க்கும் கரண்டிக்கும் நடுவே சீஸ் நூலாக நீண்டது. இன்னும் இறக்கினாள், இன்னும் நீண்டது. கையை எட்டிய மட்டும் நீட்டினாள், அறுகிற வழியாக இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

ஆக்டவி விரலால் நூலைச் சுற்றி எடுத்து, விரலையும் சப்பினாள். “இது கமாட் சீஸ்தானே?”

“ஆமாங்க, மிசஸ் பெல்கார்ட்” என்றாள் அக்கா. எங்கள் அக்காவுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருந்தது அன்றுவரை எங்களுக்கே தெரியாது.

“இத்தனை வருஷமா எங்களுக்கு ஒருத்தன் குடுக்கலை. மாடு இருக்காம், அதனால கிடையாதாம்! இந்தப் பய மட்டும் பள்ளிக்கூடத்துல ருசி பார்த்திருக்கான், பெத்தவளுக்கு ஒரு துண்டு கொண்டாந்தானா?” என்று மகன் முதுகில் ஓர் அறை வைத்தாள். கிண்ணத்தை நீட்டினாள். “இன்னும் போடு!”

இரண்டாவது கிண்ணமும் காலியானது. கிளம்பும்போது கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அடுத்த புத்தாண்டுக்கு மத்தியானத்துல எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதே, அல்வினா.”

அக்காவின் முகம் செத்துவிட்டது.

“விடியக்காலையில வா. லியாண்டர் பக்கத்துல முட்டி போட இடம் இருக்கு.”

அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஓவென்று அழுதாள். அதற்குப் பிறகு அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. நானும் குதித்தேன், அப்பாவும் குதித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா சட்டைக்குள்ளிருந்து திறப்பானை எடுத்து, கைக்கு வந்த டப்பாவைத் திறந்தாள். உள்ளே நிறைய மாட்டிறைச்சி. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவள் அந்த டப்பாவை இரண்டு கையாலும் தூக்கி, “நல்லவேளை, நீ நேத்து வரலை!” என்று அதற்கு முத்தம் கொடுத்தாள்.