பன்னிரண்டாம் தேதி ரிலீஸ்

புது ப்ராசஸர் வரப்போகிறது என்று ஆபீஸில் பேச்சு எழுந்தாலே எனக்குக் கொட்டாவி வந்துவிடும். வேகம் இரட்டிப்பாகுமாம், கரண்ட் கம்மியாக இழுக்குமாம், பழைய போர்டிலேயே உட்காருமாம். பக்கத்து சீட்டுக்காரர் வீட்டில் தானே கம்ப்யூட்டர் சேர்க்கிறவர். இதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்பேன். காத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அலுத்துவிட்டது.

என் சித்தப்பாவும் அந்த ஜாதிதான். கீழ்வேளூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால், பாகம் பாகமாக வாங்கித் தானே சேர்த்த கம்ப்யூட்டர். அதன் பெட்டிக்குப் பக்கத்து மூடி கிடையாது. எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருந்ததால் மூடும் வேளையே வந்ததில்லை. சூடு ஆகாதென்று வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பி வைத்திருப்பார். மனுஷங்க வேகட்டும், டப்பாவுக்குக் காத்து வரட்டும் என்று அம்மா முணுமுணுப்பாள்.

மூன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் சித்தப்பா எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். புது ப்ராசஸர் ரிலீஸ் ஆனதும் இப்போது இருப்பது விலை இறங்கும். அதை வாங்கி எனக்கென்று தனியாக ஒரு கம்ப்யூட்டர் போட்டுத் தருவார். தெருவில் ஒருத்தி விடாமல் நான் சொல்லிவிட்டேன். தேதிதான் தெரியவில்லை. தினமும் கேட்பேன், இன்னும் போடலை பாப்பா என்பார்.

அதே நாட்களில் அப்பாவும் ஒரு தேதிக்காகத்தான் காத்திருந்தார். எங்கள் ஊர் கடைமடை. போர் போட்டால் உப்புத் தண்ணீர். மேட்டூரைத் திறந்து, எல்லா ஊரையும் நனைத்த பிறகு மிச்சம் எங்களிடம் வந்தால்தான் குறுவை நடவு. வழக்கமாக அணை திறப்பது ஜூன் பன்னிரண்டு. அந்த வருஷம் அணையில் தண்ணீர் போதாது, திறப்பார்களா மாட்டார்களா என்று ஊரே அதே பேச்சாக இருந்தது. விதைநெல்லை நாற்றங்காலில் விடவும் மனமில்லாமல், விடாமல் இருக்கவும் முடியாமல், அப்பா வீட்டுக்கும் வயலுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பார்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை சித்தப்பாவிடமிருந்து போன். ஜெராக்ஸ் மெஷின் எடுக்க, கடையிலிருந்தே சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான்தான் எடுத்தேன்.

“பாப்பா, நெட்டுல போட்டுட்டான். பன்னெண்டாம் தேதி ரிலீஸ். உறுதி.”

செருப்புகூடப் போடாமல் வயலுக்கு ஓடினேன். அப்பா வாய்க்கால் கரையில் இரண்டு பேரோடு நின்றுகொண்டிருந்தார்.

“அப்பா, பன்னெண்டாம் தேதி ரிலீஸாம். சித்தப்பா நெட்டுல பாத்தாங்களாம்.”

“உறுதியாவா சொன்னான்?”

“உறுதின்னாங்க.”

அப்பா என் தலையைத் தடவிவிட்டு, கூட நின்றவர்களிடம் அதைத் திரும்பச் சொன்னார். எனக்குக் கம்ப்யூட்டர் வருவதில் அப்பாவுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்கு ஆச்சரியம்.

அணை திறப்பதையும் எங்கள் பக்கம் ரிலீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த மாதத்தில் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது, எனக்கும் சித்தப்பாவுக்கும் தவிர.

அன்றே விதைநெல் ஊறியது. குளத்தில் கிடந்த கடைசித் தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்து நாற்றங்காலில் விட்டார் அப்பா. கூட நின்ற இரண்டு பேரும் விதை விட்டார்கள். சித்தப்பா ஊர் திரும்பியபோது நாற்று பச்சை கட்டியிருந்தது. அதைப் பார்த்துத் திகைத்துவிட்டார்.

“எதை நம்பிண்ணே விட்டீங்க?”

“உன்னை நம்பித்தான். பாப்பாகிட்ட ரிலீஸ் உறுதின்னு சொன்னியே.”

சித்தப்பா திரும்பி என்னைப் பார்த்தார். சொன்ன வேலையைப் பிசகாமல் செய்த பெருமையோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் கையில் மண்வெட்டி இருந்தது.

“ஆமாண்ணே. அப்படித்தான் போட்டிருந்தான்” என்றார் சித்தப்பா.

அதன்பிறகு அவர் ப்ராசஸர் சமாச்சாரமே பார்க்கவில்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் திரையில் ஏதோ அணை, ஏதோ அடிக்கணக்கு. என் கம்ப்யூட்டரை மறந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பன்னிரண்டாம் தேதி ப்ராசஸர் சொன்னபடி வந்தது. அணை திறக்கவில்லை. நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்தது. நாற்று மஞ்சளாகி, பிறகு காவியாகி, ஒருநாள் அப்பா மாட்டை அவிழ்த்து அதில் விட்டார். தம்பியோடு பேசுவதையும் அன்றோடு நிறுத்தினார். டீக்கடையில் சித்தப்பாவைப் பார்க்கிறவர்களெல்லாம், என்ன தம்பி, நெட்டுல இன்னைக்கு மழை உண்டா என்று கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வருவார்.

தீபாவளிக்கு முன்னால் தன் கம்ப்யூட்டரையே துடைத்து, எங்கிருந்தோ அந்தப் பக்கத்து மூடியைத் தேடி எடுத்துப் பூட்டி, என் மேஜையில் வைத்தார். பழசைத் தள்ளிவிடுகிறார் என்று நான் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டதற்கு, அடுத்தது வரட்டும் என்றார். எத்தனையோ அடுத்தது வந்தது. அவர் ஒன்றையும் வாங்கவில்லை.

கல்லூரி விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டிவியில் ‘மேட்டூர் தண்ணீர் ரிலீஸ்’ என்று ஓடியது. ஊரில் எத்தனையோ தரம் காதில் விழுந்த சொல்தான். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த விடுமுறைக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். சொல்லவில்லை. அடுத்த விடுமுறைக்கும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் பேச்செடுத்தால், விடு பாப்பா, பழைய கதை என்று எழுந்து போய்விடுவார். அண்ணன் தம்பி இருவரும் இன்றைக்கும் கல்யாணம், கருமாதியில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை, அவ்வளவுதான்.

மே மாதம் பிறந்தால் அப்பாவிடமிருந்து எனக்குப் போன் வரும்.

“நெட்டுல என்ன போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லும்மா. அவன் பேச்சை நம்பி ஒருதரம் பட்டது போதும். நீ சொன்னா சரியா இருக்கும்.”

நானும் பார்த்துச் சொல்கிறேன். அணையில் எத்தனை அடி இருக்கிறது என்பதை மட்டும்.