அத்தை என்னை வெளியே இழுத்த நாள்

புயல் எச்சரிக்கை வந்தால் அப்பா சிரிப்பார். எங்கள் ஊர் முதலமடையில் மழையே எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. நெல்லியாம்பதி மலை தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் எங்கள் மாந்தோப்புகளுக்கு விடும். காற்று உண்டு, கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்றில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் அப்பாவின் செல்போனில் மலையாளத்தில் ஆரஞ்சு அலர்ட் வரும்போதெல்லாம், "இடுக்கிக்காரங்களுக்கு அனுப்புனது வழி தப்பி இங்க வந்துருச்சு" என்பார்.

வீட்டில் அதற்குச் சிரிக்காதவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் அக்கா. இடுக்கி மலையில் பள்ளிவாசல் என்ற ஊரில், தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஒரு சரிவில் குடியிருந்தவள். மாமா ஜீப் ஓட்டினார். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து அந்த வீடு மூடிப்போயிற்று. மாமாவும், என் வயதே ஆன அவர்கள் மகளும் போய்விட்டார்கள். பின்பக்கம் அடுப்படியில் நின்ற அத்தையை மட்டும் உயிரோடு எடுத்தார்கள். அப்பா போய் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஒன்பது வயதான எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்.

அத்தை வீட்டுக்குள்ளும் செருப்போடு நடப்பாள். கட்டிலில் படுக்கமாட்டாள், வாசல் கதவுக்கு நேரே பாய் விரித்து, செருப்பைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வாள். அம்மா முதலில் முகம் சுளித்தாள். பிறகு கூடத்தை இன்னொரு முறை பெருக்கத் தொடங்கினாள். நான் இதெல்லாம் மலைநாட்டு வழக்கம் என்று என் தோழிகளுக்கு விளக்கம் கொடுத்திருந்தேன். காலையில் எனக்குத் தலை வாரிவிடுவது அத்தையின் வேலை. சொல்லாமல் கொள்ளாமல் என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துப் பின்னல் போடுவாள். அவள் போட்ட பின்னல் சாயங்காலம்வரை அவிழாது.

கோடை விடுமுறை, மாங்காய்ப் பறிப்பு முடியும் சமயம். பக்கத்து ஊர் ஒன்றில் சுழற்காற்று அடித்துக் கூரைகள் பறந்ததை டிவியில் காட்டினார்கள். அதற்கு மின்னல் சுழலி என்று பெயர் சொன்னார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று. மின்னல் சுழலி, மின்னல் சுழலி என்று பாடிக்கொண்டே வீட்டைச் சுற்றிவந்தேன்.

"அதச் சொல்லாத கண்ணு" என்றாள் அத்தை.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் போன் மறுபடியும் அலறியது. அவர் அதை மேசையிலேயே வைத்துவிட்டு, மாங்காயைப் பெட்டியில் அடுக்கும் ஷெட்டுக்குப் போயிருந்தார். அத்தை போனை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு மலையாளம் நன்றாகப் படிக்க வரும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாயிற்று. தோப்பின் தெற்குப் பக்கத்திலிருந்து, டிப்பர் லாரி கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் நிற்காமல் வந்தது. காலிப் பெட்டிகள் வேலிக்கு மேலே சுற்றிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை. நான் பாடியது நிஜமாகவே வந்துவிட்டது என்ற சந்தோஷம்தான்.

அத்தை என் கையைப் பிடித்தாள். "வா, வெளிய போயரலாம்."

"ஐயோ, வெளிய போவாதீங்க! கதவச் சாத்துங்க!" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள்.

அத்தை நிற்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, வெட்டவெளியான களத்தைப் பார்த்து ஓடினாள். களத்தை எட்டுவதற்குள், கிணற்றோரத்து மாமரம் முறுக்கிப் பிடுங்கியதுபோலச் சாய்ந்தது. அத்தை என்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். அப்படியும் ஒரு கிளை என் இடது கையில் இறங்கியது.

காற்று வந்த வேகத்திலேயே போய்விட்டது. வீடு அப்படியே நின்றது. பத்துப் பதினைந்து ஓடுகள் நகர்ந்திருந்தன. அம்மா கடைந்து வைத்திருந்த மோர்கூடச் சிந்தவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள், அத்தையின் நெற்றியில் தையல் போட்டார்கள். தோப்பில் பாதி மரங்கள் வேரோடு கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்த அப்பா, எல்லார் முன்னாலும் அத்தையிடம் கத்தினார்.

"ஊட்டுக்குள்ள சும்மா இருந்திருந்தா ஒரு கீறல் பட்டிருக்குமா? எம்புள்ளயக் கொல்லப் பாத்தியேக்கா!"

"உள்ள இருந்தா..." என்று ஆரம்பித்த அத்தை அதை முடிக்கவில்லை.

போன வருடம் அத்தை மறையூரில் இறந்தாள். காரியம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது அம்மா அதை முடித்துச் சொன்னாள். பள்ளிவாசலில் மண் சரிந்த அன்றைக்கும் எச்சரிக்கை வந்திருக்கிறது. அத்தை துணிமணியைப் பையில் போட்டு, மகளுக்குச் செருப்பு மாட்டி வாசல்வரை வந்துவிட்டாள். மாமாதான், இந்த மழையில் குழந்தையை நனைத்தால் காய்ச்சல் வரும், பேசாமல் உள்ளே இரு என்றாராம். அத்தை மகளின் செருப்பைக் கழற்றி, போர்த்திவிட்டு, அவளுக்குச் சுக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

"உங்கொப்பனுக்கும் அது உங்கத்த நம்ம ஊட்ட உட்டுப் போனதுக்கப்பறந்தான் தெரியும்" என்றாள் அம்மா. அப்பா முன் இருக்கையில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

அத்தை எங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட காலையில் இது எதுவும் எனக்குத் தெரியாது. மறையூரில் மாமாவின் தங்கை வெல்லம் காய்ச்சும் ஆலை வைத்திருந்தாள். அங்கே போய் இருக்கிறேன் என்று அத்தையே சொல்லிவிட்டாள். அப்பா வேண்டாம் என்று ஒரு முறை சொன்னார், இரண்டாம் முறை சொல்லவில்லை. பேருந்து வரும்வரை நானும் கூட நின்றேன். என் தலை அவிழ்ந்து கிடந்தது. ஒற்றைக் கையால் பின்னிக்கொள்ள எனக்குத் தெரியாது.

"அத்தே, பின்னி உடுங்க" என்று முதுகைக் காட்டி நின்றேன்.

அவள் என்னைத் தொடவில்லை. திரும்பிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"அம்மாகிட்டப் பின்னிக்க சாமி" என்றாள். பேருந்து வந்ததும் ஏறி, நான் நிற்காத அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அத்தைக்கு என்மேல் கோபம் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.