கழுதை இறங்கிய சுவர்

தீபாவளி வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் சுவருக்கும் புது உடுப்பு உண்டு. ராகலை பசாரில் நானா கடையில் பழைய பத்திரிகை வாங்கி, கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டுவோம். நான் கல்யாணமாகி வந்த வருஷம் என் மாமியாரும் அடுத்த காம்பராக்காரியும் ஒரே பத்திரிகைக் கட்டை வாங்கிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதில் தினம் ஒரு துண்டாக வந்த சித்திரக் கதையும் பிரிந்துபோனது. குடை பிடித்துப் பறக்கும் கழுதையின் கதை. எங்கள் சுவரில் அது நிலாவுக்கு ஏறி, இறங்க வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தது. மிச்சக் கதை அடுத்த வீட்டுச் சுவரில்.

அதைப் போய்ப் பார்ப்பதற்குள் அவள் கோழி எங்கள் போஞ்சிப் பாத்தியைக் கிளறிவிட்டது. பேச்சு நின்றது. அந்த வாசலை மிதிக்க எனக்கும் தடை.

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. அடுப்பை ஊதும்போதெல்லாம் படத்தை நிமிர்ந்து பார்த்து, "பாவம் புள்ள, அங்க புல்லுகூட இருக்காதே" என்பார். நான் காய்ச்சலில் கிடந்தபோது கொத்தமல்லித் தண்ணியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எனக்குக் கழுதைமேல் பொறாமை.

மறுவருஷம் தீபாவளிக்கு முன்னால் அந்தச் சித்திரங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் ஹட்டனிலிருந்து வாங்கி வந்தார். சாயந்தரம் வாசித்துச் சொல்கிறேன் என்று அத்தையிடம் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் புத்தகத்தைக் காணோம். சுவரெல்லாம் கழுதை.

"படம்னா சுவத்துலதானே இருக்கணும்? நல்ல கனமான தாளு புள்ள" என்றார் அத்தை, கை நிறையப் பசையோடு.

தாள் என்றால் ஒரு பக்கம் சுவருக்கு, ஒரு பக்கம் நமக்கு. அதுதான் எங்கள் லயத்து வழக்கம். கதை பின்பக்கமும் ஓடும் என்று அவருக்கு யார் சொன்னது? நிலாவில் உட்கார்ந்த கழுதை முன்னால் இருந்தது, இறங்கும் கழுதை சுவரோடு ஒட்டிவிட்டது. நகத்தால் பேர்த்துப் பார்த்தேன். ஒரு காதுதான் கையோடு வந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை அழுதேவிட்டார்.

தீபாவளியன்று காலையில் முறுக்குத் தட்டோடு அத்தை அடுத்த காம்பராவுக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். தட்டு நீண்டதே தவிர, கண் சுவரில்தான். சுற்றிலும் புதுத் தாள் ஒட்டி, கழுதை இருந்த இடத்தை மட்டும் விட்டு வைத்திருந்தாள் அந்த மகராசி. வாசித்துச் சொன்னேன்: குடை கிழிந்து, கழுதை ஒரு வைக்கோற்போரில் விழுந்துவிட்டது. படத்தில் வாய்கொள்ளாமல் மென்றுகொண்டிருந்தது.

"தின்னுருச்சு" என்று அத்தை பெருமூச்சு விட்டார்.

அடுத்த வீட்டுக்காரி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றாள். "அது எறங்குனது கெடக்கட்டுங்க அக்கா. அங்க எப்படி ஏறுச்சு? கேக்க வரலாம்னா, எங்க கோழியால மொகம் இல்ல."

அத்தை அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.