ஆலோசகராகப் பணிபுரிகிறார்

பள்ளியில் அவருக்கு வானொலி என்று பெயர். வகுப்பில் யாருக்கு என்ன நடந்தாலும் மணியடிப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அந்தப் புண்ணியம் கட்டிக்கொண்டவர் அவர்தான். தலை நரைத்த பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கு வில்லை பொருத்தும் வேலை. மதிய இடைவேளையில் பழைய மாணவர் சங்கத்துக்குத் தொலைபேசி வேலை. ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளி அது. அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து ஆண்டு மலருக்கு எழுதுவார்.

எழுதுவதில் அவருக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. வேலை பறிபோனவன் அவர் எழுத்தில் 'சொந்தத் தொழில் தொடங்கும் முயற்சியில்' இருப்பான். மனைவி விட்டுப் போனவனுக்குப் 'பயணங்களில் நாட்டம்' வந்துவிடும். குடித்துக் குடித்து ஈரல் கெட்டுப் படுத்தவன் 'ஓய்வை அனுபவித்து' வருவான். எல்லாரும் படித்துவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள்.

அவருடைய சொந்தத் தம்பியைப் பற்றி வருடா வருடம் ஒரே வரிதான்: 'கட்டுமான ஆலோசகராகப் பணிபுரிகிறார்.'

தம்பியும் அதே பள்ளிதான், முதல் மாணவன். பொறியாளராகிப் பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டவன். ஒருநாள் அவன் மேற்பார்வையில் இருந்த தளம் ஒன்று சரிந்தது. காலையில்தான் அதன் கீழே நின்று வேலையாட்களோடு டீ குடித்திருந்தான். அந்த ஆட்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. தளத்தைத் தாங்கிய முட்டுகளை அவசரப்பட்டு எடுத்தது ஒப்பந்தக்காரர் என்றும், இவன்மேல் தப்பில்லை என்றும் விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவன் காதில் அது ஏறவே இல்லை. அண்ணன் வீட்டுப் பின்னறையில் வந்து படுத்தவன்தான். அண்ணி கூப்பிட்டால் சாப்பிட வருவான், அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து நின்றான். அதே பள்ளியில் பல வருடம் பின்னால் படித்தவன், இப்போது கட்டட முதலாளி. பழைய கிடங்கு ஒன்றை வாங்கி மருத்துவமனையாக மாற்றுகிறானாம். மேலே இன்னொரு மாடி எடுக்கலாமா என்று கேட்க வந்திருந்தான்.

"மலர்ல பாத்தேன் சார். நம்ம ஸ்கூல் ஆளே இருக்கும்போது வெளிய எதுக்குப் போகணும்?"

என்ன சொல்லித் தட்டிக் கழிக்கலாம் என்று வானொலி விழித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கத் தம்பி வெளியே வந்தான். சாப்பாட்டு மேசையில் விரிந்திருந்த வரைபடத்தைப் பார்த்தான். நின்றான். செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓரிடத்தில் விரலை ஊன்றினான்.

"இந்தத் தூணுக்குக் கீழ என்ன இருக்கு? தோண்டிப் பாத்தீங்களா?"

வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் நின்ற அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "பாத்தீங்களா, பேசறான், பேசறான்" என்று கணவரின் கையைக் கிள்ளினாள்.

அந்த வாரம் வீடே வேறு வீடாக இருந்தது. தம்பி முடி வெட்டிக்கொண்டான். அண்ணி சட்டைக்கு இஸ்திரி போட்டாள். வானொலி கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு அவனோடு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போனார்.

வாசலில் கொடுத்த தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு தம்பி விடுவிடுவென்று நடந்தான். தளத்தின் நிழல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். உள்ளே வேலையாட்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்க சார்" என்றான் முதலாளி.

"அவங்களை வெளிய வரச் சொல்லுங்க."

"சாப்பிடறாங்க சார். வேலை நடக்கல."

"வெளிய வரச் சொல்லுய்யா!"

அந்தக் குரலை வானொலி தன் ஆயுளில் கேட்டதில்லை. ஆட்கள் பாதிச் சோற்றோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் சிரிக்கவில்லை. தம்பி கைகளை விரித்து அவர்களை மறித்து நின்றான். திரும்பி உள்ளே போகப் பார்த்த ஒருவனின் காலைக் கட்டிக்கொண்டான். "போகாதப்பா, போகாதப்பா" என்று கெஞ்சினான். வெயில் கொளுத்தியது. தளம் கல்லுப்பிள்ளையாராட்டம் அசையாமல் நின்றது.

வானொலி அவனை அணைத்துப் பிடித்து வாடகை வண்டியில் ஏற்றினார்.

மறுநாள் கடைக்குக் கட்டட முதலாளி போன் செய்தான். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை. "உடம்பு சரியில்லன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். அவரையும் கஷ்டப்படுத்திட்டோமே" என்றான். வானொலி கையில் வில்லையை வைத்துக்கொண்டு "ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா" என்றார்.

மலர் வேலை தொடங்கியபோது தம்பி கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே சொன்னான்: "என் பேரை எடுத்துடு."

"எடுத்துட்டா எல்லாரும் கேப்பாங்களேடா."

"யாரும் கேக்க மாட்டாங்க."

எடுத்துவிட்டார். மலர் வந்தது. யாரும் கேட்கவில்லை. முதல் மாணவன் எங்கே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கிடங்கு மருத்துவமனையாகி, மேல்மாடியும் எழும்பி, நோயாளிகள் வந்து போகிறார்கள்.

தம்பி இப்போது சாப்பிடவும் வெளியே வருவதில்லை. மாடி வீட்டில் யாராவது நாற்காலியை நகர்த்தினால் போதும், பின்னறைக் கதவு தடதடவென்று அதிரும்.

"அண்ணி, மேல பாரம் ஏத்தறாங்க. வெளிய போங்க அண்ணி. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க."

"நீயும் வாடா" என்று முன்பெல்லாம் அழைத்துப் பார்த்தாள். அவன் வரமாட்டான். இப்போது அவள் அழைப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கணவரோடு தெருவில் போய் நிற்கிறாள். அவன் அடங்கும்வரை இருவரும் தங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.